காமூஸின் ஆறாம் புலன்

ஊமைப்பட யுகத்து நகைச்சுவை என்றால் நமது பேச்சு சப்ளினோடும் கீட்டனோடும் முடிந்துவிடும். ஸ்பானிய நெறியாளர் நெமேசியோ சோப்ரெவிலாவின் 'எல் செஸ்தோ சென்டிதோ' (ஆறாம் புலன், 1929) பற்றி எவரும் பேசிக் கேட்டதில்லை. அதில் வியப்புமில்லை. ஸ்பெயினிலேயே அப்படம் வர்த்தக ரீதியாகத் திரைக்கு வரவில்லை.

கதை சின்னது. கார்லோஸ் எதையும் இருட்டாகவே பார்ப்பவன். அவனது காதலி கார்மென் ஒரு நடனக்காரி. நண்பன் லெயோனோ எதிலும் நல்லதைக் காண்பவன். அவனுடைய யோசனைப்படி கார்லோஸ், காமூஸ் என்ற விசித்திரமான குடிகாரரிடம் போகிறான். மனிதக் கண்ணுக்குத் தப்புவதையெல்லாம் காட்டும் ஆறாவது புலனைத் தான் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்கிறார் காமூஸ். அந்தப் புலன் சினிமா. அவர் ஓட்டிக்காட்டும் சுருளில் கார்மென் வேறொரு ஆணுடன் இருக்கிறாள். கார்லோஸ் உடைந்துபோகிறான். அந்த ஆண் அவளுடைய தகப்பன்! அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் படம் பத்து நிமிடத்தில் முடிந்திருக்கும்.

ஸீகா வேர்த்தோவின் 'மூவி கமராவுடன் ஒரு மனிதன்' வந்ததும் 1929இல்தான். மனிதக் கண்ணை விடக் கமராவின் கண் மேலானது என்று வேர்த்தோவ் பிரகடனம் செய்ததை, சோப்ரெவிலா ஒரு குடிகாரனின் வாயில் வைக்கிறார். ஆகவே இது நவீனவாதிகள் மீதான வெறும் கிண்டல் என்று வாசிக்க இடமுண்டு. எனக்கு அந்த வாசிப்பு பாதிதான் சரியாகப்படுகிறது. காதலர்கள் வரும் காட்சிகளில் மட்ரிட் மேடைக் குறுநாடகங்களின் வாடை வீசுகிறது. சில இடங்களில் அலுப்பும் தட்டுகிறது. காமூஸின் சுருள் ஓடத் தொடங்கியதும் கிண்டல் அடங்கிவிடுகிறது. நகரத்தின் கோடுகளும் அசைவுகளும் மட்டுமே மிஞ்சுகின்றன. சோப்ரெவிலா தொழிலால் கட்டடக் கலைஞர் என்பது அங்கேதான் தெரிகிறது. தான் பரிகசிக்கும் பொருளின் மீதே மோகம் கொண்டவருடைய நெறியாள்கை இது. படத்தின் உயிரும் குறையும் அதில்தான் இருக்கின்றன.

காமூஸாக நடித்தவர் நாவலாசிரியர் பியோ பரோகாவின் சகோதரரான ஓவியர் ரிக்கார்டோ பரோகா. பார்வையைப் பற்றிய இப்படத்தில் நடித்த அவர், 1931இல் ஒரு வாகன விபத்தில் ஒரு கண்ணை இழந்தார்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காமூஸின் சுருள் பொய் சொல்லவில்லை. அதில் உள்ள ஒவ்வொரு சட்டகமும் நிஜம். அந்த ஆண் யார் என்பதுதான் அதில் இல்லை. அந்த வெற்றிடத்தைக் கார்லோஸின் பொறாமை நிரப்பிக்கொள்கிறது.

1937 ஏப்ரல் 26ஆம் திகதி ஜேர்மன், இத்தாலிய விமானங்கள் பாஸ்க் நகரான கெர்னிக்காவைக் குண்டுவீசி எரித்தன. பாஸ்க்குகளே தமது நகருக்குத் தீ வைத்தார்கள் என்றது பிராங்கோவின் தரப்பு. அதே வருடம் பாஸ்க் அரசாங்கத்துக்காக 'கெர்னிக்கா' என்ற ஆவணப்படத்தை எடுத்தவர் இதே சோப்ரெவிலாதான். கமராவின் சாட்சியத்தை வைத்துச் சிரித்தவர் எட்டு வருடங்களில் அதே சாட்சியத்தைக் கையிலேந்தி உலகத்தின் முன் நிற்கவேண்டி வந்தது. எரிந்த வீடுகளைச் சுருளில் காட்டலாம். எரித்தவன் யார் என்பதை அந்த வீடுகளைக் கொண்டு மட்டும் எப்படிக் காட்டுவது?