பா நயம் பாராட்டல்: குறுந்தொகை 40ஐ முன்வைத்து

மேல்நிலை வகுப்புத் தமிழ்த் தேர்வில் 'பா நயம் பாராட்டுக' என்றொரு வினா உண்டு. திரண்ட கருத்து, மையக்கருத்து, மோனை, எதுகை, இயைபு, அணி, சந்தம், சுவை எனத் தலைப்பிட்டு விடை எழுத வேண்டும். இலக்கியத்தை முதன்முதலாக அணுகும் மாணவருக்கு இத்தலைப்புகள் நல்ல துணைதான். ஆனால் நடைமுறையில் நடப்பது வேறு. எந்தப் பாடலுக்கும் பொருந்தும்படி சில வாக்கியங்களை மாணவர் மனப்பாடம் செய்துகொள்கிறார். பாட்டைப் படிக்கும் முன்பே பாதி விடை தயாராகிவிடுகிறது. இந்தப் பழக்கம் வேரூன்றியதில் என்போன்ற ஆசிரியர்களுக்கும் பங்குண்டு. நயம் பாராட்டல் என்பது பாட்டைப் படித்த பிறகு தொடங்க வேண்டிய வேலை என்பதை ஒரே ஒரு பாடலைக் கொண்டு விளக்க முயல்கிறேன்.

பாடல்

குறுந்தொகையின் 40ஆம் பாடல் ஐந்தே அடிகள் கொண்டது. பாடியவரின் இயற்பெயர் தெரியவில்லை. பாட்டில் உள்ள உவமையைக் கொண்டே அவர் செம்புலப்பெயல்நீரார் என்று அழைக்கப்படுகிறார். 1997இல் வெளிவந்த 'இருவர்' படத்தின் 'நறுமுகையே' பாடலைக் கேட்டவர்களுக்கு இதன் தொடக்கச் சொற்கள் புதியவை அல்ல.

தலைவன் தலைவியிடம் பேசுகிறான். இருவருடைய தாயரும் ஒருவருக்கொருவர் யாரோ; தந்தையரும் உறவினர் அல்லர்; தாங்கள் இருவருமே முன்பின் அறியாதவர்கள். இதை மூன்று கேள்விகளாகக் கேட்கிறான். பின்னர் செம்மண் நிலத்தில் பெய்த மழைநீரை உவமையாகக் காட்டி, நெஞ்சங்கள் கலந்துவிட்டதைச் சொல்லி முடிக்கிறான்.

'உவமையணி' என்று எழுதினால் போதுமா?

இப்பாடலுக்கு 'உவமையணி' என்று எழுதினால் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த உவமை அங்கே என்ன வேலை செய்கிறது என்று கேட்டால்தான் பாட்டு திறக்கும். முதல் மூன்று அடிகளும் உறவைப் பற்றிய கேள்விகள். அவற்றுக்குத் தலைவன் நேராக விடை சொல்லவில்லை. உவமைதான் விடை. வானத்திலிருந்து விழும் நீருக்கும் கீழே கிடக்கும் மண்ணுக்கும் முன் உறவு ஏது? கலந்த பிறகு அவற்றைப் பிரிக்கத்தான் முடியுமா? உவமையை எடுத்துவிட்டால் கேள்விகள் விடையின்றி நிற்கும். ஆகவே இதை வெறும் அழகுக்காகச் சேர்த்தது என்று சொல்ல முடியாது.

சொற்களையும் கவனிக்கலாம். யாய் என்றால் என் தாய், ஞாய் என்றால் உன் தாய். அடுத்து வருபவர்கள் என் தந்தை, உன் தந்தை. அதற்கும் அடுத்து நான், நீ. மூன்று அடிகளிலும் என்னுடையது, உன்னுடையது என்ற பிரிவு இருக்கிறது. கடைசி அடியில் நெஞ்சம் என்ற சொல் மட்டும் நிற்கிறது. அது யாருடையது என்ற பிரிப்பு இல்லை. கலந்துவிட்டது என்ற செய்தியைச் சொல்லமைப்பே காட்டிவிடுகிறது.

நான் தவறாகத் திருத்திய விடை

பதினோராம் வகுப்பு மாணவி ஒருத்தி, மண்ணில் கலந்த மழைநீர் பழைய தெளிவுக்குத் திரும்ப முடியாது, அதை எண்ணித் தலைவி பயந்திருப்பாள் என்று எழுதியிருந்தாள். நான் கொடுத்த குறிப்பில் அது இல்லை. மதிப்பெண்ணைக் குறைத்தேன்.

சில ஆண்டுகள் கழித்து, 1937இல் உ.வே.சாமிநாதையர் உரையுடன் வெளியிட்ட குறுந்தொகையை நிதானமாகப் படித்தபோது இப்பாட்டின் துறைக்குறிப்பில் என் கண் நின்றது. தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று தலைவி அஞ்சுகிறாள். அவள் முகக்குறிப்பு மாறியதைக் கண்டு அவன் கூறியது இது என்பதே அதன் கருத்து. அதாவது இது காதலின் மகிழ்ச்சியைக் கூறும் பாட்டு மட்டும் அன்று. அச்சத்தைத் தணிக்கும் பேச்சு. அந்த மாணவி துறைக்குறிப்பைப் படிக்காமலேயே அந்த அச்சத்தைப் பாட்டிலிருந்து கண்டுபிடித்திருக்கிறாள். குறிப்பைப் பார்த்துத் திருத்திய நான்தான் பாட்டைப் படிக்கவில்லை.

எதுவும் சொல்லலாமா?

அப்படியானால் மாணவர் என்ன எழுதினாலும் சரியா? இல்லை. அந்த மாணவி எழுதியதற்குப் பாட்டில் ஆதாரம் இருந்தது. நீர் நிறம் மாறுவது உவமைக்குள்ளேயே இருக்கும் உண்மை. இன்று இப்பாட்டைச் சாதி மறுப்புப் பாட்டு என்று சொல்பவர்கள் உண்டு. பாட்டில் சாதியைக் குறிக்கும் சொல் எதுவும் இல்லை. உறவு பற்றிய கேள்விகளிலிருந்து ஒருவர் அந்த எண்ணத்துக்கு வரலாம். வந்தால், இது என் ஊகம் என்று சொல்லிவிட்டு எழுத வேண்டும். பாட்டு சொல்வது எது, நாம் அதிலிருந்து பெறுவது எது என்று பிரித்தறிவதே திறனாய்வின் முதல் பாடம்.

திணைக்கும் இது பொருந்தும். குறிஞ்சித்திணை என்றவுடன் மலை, யானை, குறிஞ்சிப்பூ என்று எழுதுவது வழக்கம். இப்பாட்டில் அவை எவையும் இல்லை. கூடலாகிய உரிப்பொருளைக் கொண்டே இது குறிஞ்சி ஆகிறது.

வகுப்பறையில்

பொருள் சொல்லாமல் பாட்டை இருமுறை உரக்கப் படிக்க வேண்டும். பழைய சொற்களுக்கு மட்டும் பொருள் தர வேண்டும். பேசுபவர் யார், கேட்பவர் யார், ஏன் இப்போது பேசுகிறார் என்று கேட்க வேண்டும். தோன்றியதை மாணவர் இரண்டு வரி எழுதட்டும். அதன் பிறகு துறை, திணை, உரை, அணி எல்லாம் வரட்டும்.

பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய நெருக்கடியில் எல்லாப் பாட்டுக்கும் இதைச் செய்ய இயலாது என்பது எனக்குத் தெரியும். மாதம் ஒரு பாட்டுக்குச் செய்தால் போதும். உரை வேண்டாம் என்பதல்ல என் கருத்து. உரையில்லாமல் சங்கப் பாட்டை அணுகுவது கடினம். என் தவறை எனக்குக் காட்டியதும் ஓர் உரைநூல்தான். ஆனால் மாணவருக்கு ஒரு கேள்வி பிறந்த பிறகு வரும் உரை நெஞ்சில் நிற்கும். அதற்கு முன் வருவது தேர்வு முடிந்ததும் மறந்துபோகும்.