தன்னடையாளமும் சிறுவர் படநூலும்: இரு நூல்களை முன்வைத்து ஒரு நோக்கு

கதைநூலிலே படம் இல்லாவிடினும் கதை நிற்கும். படநூலிலோ படத்தை நீக்கினாற் பொருளின் பாதி நீங்கிவிடும். எழுத்தறியாத குழந்தைக்குச் சொற்களைப் பெரியவர் வாசித்துக் காட்டுவர். படத்தைக் குழந்தை தானே வாசிக்கும். தன்னை அறிதல், தன்னை ஏற்றல் ஆகியவற்றைப் பொருளாகக் கொண்ட நூல்களில் இவ்வேறுபாடு பெரிதும் முக்கியத்துவம் பெறுகின்றது. ‘நீ நீயாகவே இரு’ என்று சொல்லால் உரைத்தால் அது பெரியவரின் புத்திமதியாகவே முடியும். குழந்தை தன்னைத் தானே கண்டுகொள்ள வேண்டுமாயின், அதற்குரிய காட்சியை அமைக்கும் பொறுப்பு ஓவியரையே சாரும். அப்பொறுப்பு எவ்வாறு நிறைவேற்றப்பட்டுள்ளது என்பதை, ஐக்கிய அமெரிக்காவில் வெளிவந்த இரு நூல்களைக் கொண்டு இங்கு நோக்குவோம். இரண்டிலும் எழுதியவரும் வரைந்தவரும் ஒருவரே.

முதலாவது, எஸ்றா ஜாக் கீற்ஸ் (1916-1983) ஆக்கிய ‘பனி பெய்த நாள்’ (1962). போலந்திலிருந்து குடிபெயர்ந்த யூதப் பெற்றோருக்கு நியூயோர்க்கின் புரூக்ளின் பகுதியிற் பிறந்தவர் கீற்ஸ். யூத வெறுப்பு நிலவிய சூழலில், 1947இல், காற்ஸ் என்ற தம் குடும்பப் பெயரை மாற்றிக்கொண்டவர். பிறருடைய நூல்களுக்குப் படம் வரைந்த காலத்தில், கறுப்பினக் குழந்தை எதிலும் தலைமைப் பாத்திரமாக வரவில்லை என்பதை அவர் உணர்ந்தார். ‘லைஃப்’ சஞ்சிகையில் 1940இல் வெளிவந்த கறுப்பினச் சிறுவன் ஒருவனின் நிழற்படங்களை வெட்டியெடுத்து நெடுங்காலம் வைத்திருந்தார். அந்நிழற்படங்களே அவரது கதைத்தலைவன் பீற்றருக்கு மூலமாயின. இந்நூல் 1963இற் கல்டெகொற் பதக்கத்தைப் பெற்றது.

கதை மிக எளியது. சிறுவன் பனியில் இறங்கி விளையாடுகின்றான், வீடு திரும்புகின்றான், மறுநாள் மீண்டும் செல்கின்றான். அவனது நிறம் பற்றி ஒரு சொல்லேனும் நூலில் இல்லை. அதனைச் சொல்வன படங்களே. கடதாசித் துண்டுகளையும் துணிகளையும் ஒட்டி அமைத்த அச்சித்திரங்களில், வெண்பனிப் பரப்பின் நடுவே செந்நிற உடையும் கபில நிற முகமும் தனித்துத் தெரிகின்றன. நடக்கும்போது அவன் தன் காலடித் தடங்களைப் பார்க்கின்றான். பாதங்களை இழுத்து இரு கோடுகளும், தடியொன்றினால் மூன்றாவது கோடும் இடுகின்றான். பனியிற் படுத்துத் தன் உடலின் வடிவைப் பதிக்கின்றான். வெற்றுவெளியில் ‘நான் இங்கு இருக்கின்றேன்’ என்று ஒரு குழந்தை தன் உடலாலே எழுதுவதாக இப்படங்களை நாம் கொள்ளலாம். தன்னடையாளத்தைப் பற்றிப் பேசாமலே அதனைக் காட்டும் திறன் இதுவாகும்.

இம்மௌனமே கண்டனத்திற்கும் உள்ளாயிற்று. 1965இல் ‘சற்றர்டே றிவியூ’ சஞ்சிகையில் நான்சி லாரிக் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. 1962 முதல் 1964 வரை வெளிவந்த 5,000க்கு மேற்பட்ட சிறுவர் நூல்களுள் 6.7 வீதமானவற்றிலேயே கறுப்பினத்தவர் ஒருவரேனும் இடம்பெற்றனர் என்று அவர் காட்டினார். பீற்றரின் இனம் சொல்லப்படாமையையும், அவனது தாய் பருத்த உருவினளாய், பகட்டான மஞ்சட் கட்டமிட்ட உடையுடன் தீட்டப்பட்டமையையும் அவர் குறையாகக் கண்டார். முதற்குறை நமக்கு உடன்பாடன்று. வெள்ளையினக் குழந்தைகளின் கதைகளில் அவர்களது நிறம் சொல்லப்படுவதில்லை. அவ்வுரிமையையே கீற்ஸ் பீற்றருக்கும் அளித்தார். இரண்டாவது குறையை அவ்வாறு ஒதுக்கிவிட முடியாது. மகனை ஒரு தனிமனிதனாகக் கண்ட ஓவியர், தாயை வரைகையில் வழக்கிலிருந்த வார்ப்பின் அருகே சென்றுவிட்டார். சொல்லின் மௌனம் படத்தின் பொறுப்பைக் கூட்டுகின்றது என்பதற்கு இதுவே சான்று.

இரண்டாவது நூல், லியோ லியொன்னி (1910-1999) ஆக்கிய ‘மீன் மீனே’ (1970). குளமொன்றில் மீன்குஞ்சும் வாற்பேத்தையும் நண்பர்கள். வாற்பேத்தை தவளையாகி வெளியுலகம் சென்று மீள்கின்றது. தான் கண்ட பறவை, பசு, மனிதர் பற்றிக் கூறுகின்றது. அதனைக் கேட்ட மீன் கரைக்குத் தாவி, மூச்சுத் திணறி, தவளையால் மீண்டும் நீருக்குள் தள்ளப்படுகின்றது. தன் உலகே அழகிய உலகு எனத் தெளிகின்றது.

இங்குச் சொல்லும் படமும் வேறுவேறு செய்திகளைத் தருகின்றன. தவளை சொன்னதை மட்டுமே சொற்கள் கூறும். மீன் அதனை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதைப் படமே காட்டும். பறவை சிறகு முளைத்த மீனாகின்றது. பசு கொம்பும் காலும் பால்மடியும் உடைய மீனாகின்றது. மனிதர் உடையணிந்து நிமிர்ந்து நடக்கும் மீன்களாகின்றனர். இத்தவறான விளக்கத்தைத் தவளை அறியாது, மீனும் அறியாது, படத்தைப் பார்க்கும் குழந்தை மட்டுமே அறியும். ஒவ்வொருவரும் தம் வடிவைக் கொண்டே உலகை அளக்கின்றனர் என்ற அரிய உண்மையைச் சிரிப்பினூடே அது பெற்றுக்கொள்கின்றது. மீனின் கற்பனையை ஓவியர் எள்ளவில்லை. நூலின் மிக அழகிய பக்கங்களை அதற்கே வழங்கியுள்ளார்.

ஆயின் கதையின் முடிவு இவ்வழகைச் சுருக்கிவிடுகின்றது. தன் எல்லையைக் கடக்க முயன்ற மீனுக்குக் கிடைத்தது மூச்சுத்திணறலே. நீருக்கும் நிலத்துக்கும் இடையிலான எல்லை இயற்கையினது என்பதிற் கருத்து வேறுபாடில்லை. எனினும் உருவகக் கதையைக் கேட்கும் குழந்தை அதனை மனித வாழ்வுக்கும் பொருத்திப் பார்க்கும். பிறப்பினால் இடமும் தொழிலும் வகுக்கப்பட்ட சமூகமொன்றில், ‘உன்னை ஏற்றுக்கொள்’ என்பது ‘உன் இடத்திலேயே இரு’ என்று கேட்பதற்கு நெடுநேரம் செல்லாது. சாதியமைப்பை அறிந்த நாம் இவ்வபாயத்தை எளிதிற் கடந்துசெல்ல இயலாது.

பீற்றரும் ஓர் எல்லையைச் சந்திக்கின்றான். பெரிய பையன்களின் பனிப்பந்து விளையாட்டிற் சேர விரும்புகின்றான். தனக்கு இன்னும் வயது போதாது என உணர்ந்து, விலகிச் சென்று தனக்கென ஒரு பனிமனிதனை ஆக்குகின்றான். இதுவும் தன்னை ஏற்றலே. ஆயின் அந்த ‘இன்னும்’ என்பது காலத்தால் நீங்கும் எல்லை. இறுதிப் படத்திலே தோழனுடன் அவன் மீண்டும் பனியினுள் செல்கின்றான். மீனோ குளத்துக்குத் திரும்புகின்றது.

எனவே, இத்தகைய நூலுக்குப் படம் வரைவோர் பாத்திரத்தின் நிறத்தையும் முகத்தையும் செம்மையாகத் தீட்டுவதோடு அமைந்துவிடலாகாது. அதனை எதன் நடுவே நிறுத்துகின்றோம், இறுதிப் பக்கத்தில் எத்திசை நோக்கி நடக்க விடுகின்றோம் என்பவற்றையும் எண்ணுதல் வேண்டும். தன்னை ஏற்ற குழந்தைக்குச் செல்ல வழியொன்று படத்தில் இருத்தல் வேண்டும். அவ்வழி இல்லாதவிடத்து ஏற்றல் என்பது அடங்கிப் போதலுக்கு இட்ட நல்ல பெயராகவே எஞ்சும்.