முரசும் கல்லாப்பெட்டியும்: லண்டன் பிலிம்ஸ் பற்றிச் சில குறிப்புகள்

காலனியப் பிம்பங்களைப் பற்றி நாம் நிறையவே பேசியாகிவிட்டது. வெள்ளை அதிகாரி தகப்பன், கறுப்பன் குழந்தை, எதிர்த்து நிற்பவன் துரோகி என்று பிரதிக்குள் புகுந்து அடையாளம் காட்டுவது இன்று பெரிய காரியமில்லை. என்னைப் போலத் தமிழ் எம்.ஏ. படித்தவர்களுக்குப் பிரதியை விட்டு வெளியே வரத் தெரியாது. கணக்கு என்றாலே பயம். ஆனால், யார் காசில் இந்தப் பிம்பம் தயாராச்சு என்று கேட்காத விமர்சனம் பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. பிரிட்டனின் லண்டன் பிலிம்ஸ் கம்பெனியை வைத்து இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

கம்பெனியை 1932இல் தொடங்கிய அலெக்சாண்டர் கோர்டா, ஹங்கேரிய யூதர். 1919இல் அங்கே அமைந்த சோவியத் குடியரசில் சினிமா வேலை பார்த்தவர். அது கவிழ்ந்து வெள்ளைப் பயங்கரம் தலைதூக்கியபோது கைதாகி, பிறகு நாட்டை விட்டே வெளியேறியவர். அப்படிப்பட்ட மனிதர் பிரிட்டிஷ் பேரரசின் புகழ் பாடியது எப்படி? சந்தர்ப்பவாதம் என்று ஒரு வார்த்தையில் திட்டி முடித்துவிடலாம். அதில் நமக்கு ஒன்றும் விளங்காது.

1927இல் வந்த சினிமாச் சட்டம், ஹாலிவுட்டின் வெள்ளத்துக்கு அணை கட்டுவதற்காக பிரிட்டிஷ் படங்களுக்கு ஒதுக்கீடு கொண்டுவந்தது. தியேட்டர்களுக்கு 5 சதவீதத்தில் தொடங்கி 20 வரை போனது அது. பிரிட்டிஷ் என்றால் பேரரசு முழுவதும் அதில் சேர்த்தி. அடுத்து, 1933இல் 'எட்டாம் ஹென்றியின் அந்தரங்க வாழ்க்கை' அமெரிக்காவிலும் ஓடி, சார்லஸ் லாட்டனுக்கு ஆஸ்கார் வாங்கித் தந்தது. மறுவருஷமே புருடென்ஷியல் என்ற இன்ஷூரன்ஸ் கம்பெனி கோர்டாவுக்குப் பணம் போட ஆரம்பித்தது. 1936இல் டென்ஹாம் ஸ்டூடியோ எழும்பியது.

புருடென்ஷியலின் பணம் யாருடைய பணம்? சவ அடக்கச் செலவுக்காவது ஆகட்டும் என்று தொழிலாளிக் குடும்பங்கள் வாராவாரம் கட்டிய சில்லறை அதில் கணிசம். ஏஜெண்ட் வீடு வீடாய்ப் போய் வசூலித்த பென்னிகள். அந்தப் பென்னி டென்ஹாமில் பேரரசின் மகத்துவமாகி, மறுபடி அதே தொழிலாளியிடம் டிக்கெட் விலைக்கு விற்கப்பட்டது. கருத்தியல் மேலிருந்து இறங்குகிறது என்கிறோமே, அதை ஏற்றி அனுப்பிய காசு கீழேயிருந்து போனது.

1935இல் வந்த 'சாண்டர்ஸ் ஆஃப் தி ரிவர்' படத்தில் பால் ராப்சன் நடித்தார். ஆப்பிரிக்கப் பண்பாட்டுக்குத் திரையில் ஒரு மரியாதை கிடைக்கும் என்று நம்பினார். முடிந்து வந்ததோ வெள்ளை அதிகாரியின் துதி. பின்னாளில் ராப்சன் அதை வெளிப்படையாகவே மறுதலித்தார். துணை நடிகர் கூட்டத்தில் ஜோமோ கென்யாட்டாவும் இருந்தார்! பிற்காலத்தில் ஒரு நாட்டின் அதிபரானவருக்கே அன்றைக்கு அந்தப் படத்தில் கிடைத்தது கூட்டத்தில் ஓர் இடம்தான். நல்ல வேஷம் கிடைத்தால் உள்ளே போய் மாற்றிவிடலாம் என்று நம்பும் நம் எழுத்தாளர்கள் இதை யோசிக்க வேண்டும். குரல் உன்னுடையது, கத்தரி அவனுடையது.

1937இல் 'எலிஃபண்ட் பாய்' வந்தது. மைசூர் யானைக் கொட்டாரத்துப் பாகன் மகன் சாபு ஒரே படத்தில் உலக நட்சத்திரம். 1938இல் 'தி டிரம்'. அதே சாபு இப்போது வடமேற்கு எல்லைப்புறத்து இளவரசன்; ஆங்கிலேயரைக் காப்பாற்ற முரசு கொட்டுகிறான். பம்பாயிலும் மெட்ராஸிலும் எதிர்ப்புக் கிளம்பியது. பம்பாயில் படத்தை நிறுத்த வேண்டியதாயிற்று. ஆளப்படுகிறவனும் டிக்கெட் வாங்கித்தான் உள்ளே உட்கார்ந்திருக்கிறான் என்பது கம்பெனிக் கணக்கில் விடுபட்டுப் போன வரி. கட்டுடைப்பு என்று நாம் பெயர் வைப்பதற்கு எவ்வளவோ முன்னாலேயே அதைத் தெருவில் செய்து காட்டிவிட்டார்கள்.

இத்தனைக்கும் பணம் எல்லாவற்றையும் தீர்மானித்தது என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. சாண்டர்ஸ், டிரம் இரண்டையும் இயக்கியவர் கோர்டாவின் தம்பி ஸோல்தான். அவரே 1951இல், இதே கம்பெனிக்காகத் தென்னாப்பிரிக்கா போய், கானடா லீ, சிட்னி பாய்ட்டியர் இருவரையும் வைத்து, நிறவெறியின் கொடுமையைச் சொல்லும் 'க்ரை, தி பிலவட் கன்ட்ரி' எடுத்தார். ஒரே கம்பெனி, ஒரே கை. இந்த முரணை நம் சூத்திரங்கள் விழுங்க மாட்டேன் என்கின்றன. மாட்டேன் என்றால் மாற்ற வேண்டியது சூத்திரத்தைத்தான்.

கம்பெனி ஜெயித்ததா? 1930களின் முடிவிலேயே டென்ஹாம் கோர்டாவின் கையைவிட்டுப் போயிற்று. போருக்குப் பின் அவர் பிடித்த பிரிட்டிஷ் லயன், அரசாங்கக் கடன் 30 லட்சம் பவுண்டை விழுங்கி 1954இல் திவாலானது. 1956இல் கோர்டா செத்துப்போனார். பிற்பாடு டென்ஹாமையும் இடித்தாயிற்று. படங்கள் மட்டும் இருக்கின்றன. அவற்றின் உரிமையும் யாரோ ஒருவர் கையில் இருக்கிறது. சாபு முரசு கொட்டும் ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு கல்லாப்பெட்டி திறக்கிறது. அந்தச் சத்தத்தையும் கேட்கப் பழகாதவரை நம் சினிமா விமர்சனம் வெறும் கதை விமர்சனமாகவே இருக்கும்.