மீட்டினால் அந்தக் கணமே கேட்கிறது!

மின்கிட்டாரை யூஎஸ்பி சவுண்ட் கார்டில் செருகி, லினக்ஸில் கிட்டாரிக்ஸ் என்ற ஆம்ப் மென்பொருளைத் திறந்து, கம்பியை மீட்டுகிறேன். ஹெட்ஃபோனில் அந்தக் கணமே கேட்கிறது! நடுவில் டிரைவர், கெர்னல், ஒலியை வழிநடத்தும் பைப்வயர் என்று இத்தனை பேர் கைமாற்றித்தான் ஒலி காதுக்கு வருகிறது என்று சத்தியம் செய்தாலும் என் விரல்கள் நம்பாது. அப்படி ஒரு சுகம்.

இந்தச் சுகத்துக்குக் கணக்கும் உண்டு. லினக்ஸின் ஒலி அமைப்பான ஆல்சாவின் டிரைவர் ஒலியை ஒரு வட்டப் பஃபரில் வைத்து, அதைப் பீரியட்களாகத் துண்டு போட்டுக் கையாள்கிறது. ஒரு துண்டு முடிந்தால்தான் மென்பொருளைத் தட்டி எழுப்பும். நொடிக்கு 48,000 ஃபிரேம், அதாவது ஒலியின் 48,000 மாதிரிகள். 1024 ஃபிரேம் கொண்ட பீரியட் என்றால் துண்டுக்கு 21.3 மில்லிசெகண்ட். உள்ளே வர ஒரு துண்டு, வெளியே போக இரண்டு துண்டு, ஆக 64 மில்லிசெகண்ட். காற்றில் ஒலி ஒரு மில்லிசெகண்டுக்குச் சுமார் 34 சென்டிமீட்டர்தான் போகும். அப்படியானால், கல்யாண மண்டபத்தின் இந்தக் கோடியில் உட்கார்ந்து, 22 மீட்டர் தள்ளி அந்தக் கோடியில் இருக்கும் ஸ்பீக்கரைக் கேட்டு வாசிப்பதற்குச் சமம். தாளம் எப்படி நிற்கும்?

இப்போது என் பீரியட் 64 ஃபிரேம், அதாவது 1.33 மில்லிசெகண்ட். கார்டின் வெளியீட்டை ஒரு கேபிளால் அதன் உள்ளீட்டிலேயே செருகி, ஜாக் அயோடிலே கருவியால் அளந்தேன். போய்வரும் மொத்தத் தாமதம் ஒன்பது மில்லிசெகண்டைக்கூடத் தொடவில்லை! அந்தக் கோடியில் இருந்த ஸ்பீக்கர் மூன்று மீட்டருக்குள் வந்துவிட்டது. மேடையில் பல கலைஞர்களுக்கும் ஆம்புக்கும் இடையே இதைவிட அதிக தூரம் இருக்கும்.

பஃபரைச் சுருக்கினால் போதும் என்பார்கள். அது பாதி உண்மைதான். என்னை உண்மையில் சொக்க வைத்தது யூஎஸ்பி ஆடியோ டிரைவருக்குள் நடந்த வேலை. பழைய முறையில், ஒலி வெளியீடு தொடங்குமுன்பே டிரைவர் வெற்று மௌனத்தைப் பொட்டலம் பொட்டலமாகக் கட்டி வரிசையில் அனுப்பிவிடும். உங்கள் இசை அந்த மௌனத்துக்குப் பின்னால் நிற்க வேண்டும். கடைசிவரை அந்த இடைவெளி குறையவே குறையாது. பத்திரமான ஏற்பாடு, ஆனால் வாசிப்பவனுக்குச் சித்திரவதை. ஆல்சாவைப் பல காலமாகப் பராமரித்துவரும் தகாஷி இவாய் இதை மாற்றி எழுதினார். பஃபரில் உண்மையான ஒலி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று பார்த்து, அதற்குத் தக்க பொட்டலங்களை மட்டும் அனுப்பு. மிச்சத்தைக் கையில் வைத்துக்கொள், முந்தையது போய்ச் சேர்ந்ததும் எடுத்துக்கொள். இவ்வளவுதான் யோசனை! 2022 ஜனவரியில் வந்த 5.16 கெர்னலில் இது சேர்ந்தது. புது கார்டு வாங்காமல், காசு கொடுக்காமல், வெறும் அப்டேட்டில் கிடைத்த வரம். ஒத்துவராத கார்டு என்றால் லோலேட்டன்சி என்ற அளவுருவைப் பூஜ்யமாக்கிப் பழைய வழிக்கே திரும்பலாம். அந்த நிதானத்தையும் ரசித்தேன்.

சரி, 1.33 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மென்பொருள் எழ வேண்டுமே, வேறு வேலை குறுக்கே வந்தால்? படீரென்று ஒரு வெடிப்புச் சத்தம், இதன் பெயர் எக்ஸ்ரன். இதற்குத்தான் பிரீஎம்ட் ஆர்டி, அவசர வேலைக்குக் கெர்னலை உடனே வழிவிட வைக்கும் மாற்றம். இங்கோ மோல்நார், தாமஸ் கிளைக்ஸ்னர் போன்றோர் சுமார் இருபது ஆண்டுகள் தனி பேட்ச்களாகச் சுமந்துவந்த வேலை இது. 2024 செப்டம்பரில் வியன்னாவில், அதைச் சேர்க்கச் சொல்லும் விண்ணப்பத்தை அச்சடித்து, தங்க நிறத் தாளில் சுற்றி, லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கையிலேயே கொடுத்தார் கிளைக்ஸ்னர். அந்த நவம்பரில் 6.12 கெர்னலோடு அது எல்லோருக்குமானது. என் வீட்டில் யாருக்கும் புரியாத ஒரு விசேஷத்தை அன்று நான் தனியாகக் கொண்டாடினேன்.

கிட்டார் வாசிக்க அந்தக் கெர்னல் கட்டாயமும் இல்லை. சாதாரணக் கெர்னலில் த்ரெட் ஐஆர்க்யூஸ் என்ற துவக்க விருப்பத்தைச் சேர்த்து, உங்கள் கணக்குக்கு ரியல்டைம் முன்னுரிமை வாங்கிக் கொடுத்தாலே பெரும்பாலும் சமாளிக்கலாம். பைப்வயரில் குவாண்டத்தை, அதாவது ஒரு தடவைக்கு அது கையாளும் ஃபிரேம் எண்ணிக்கையை, 64 என்று வையுங்கள். அதன் கண்காணிப்புக் கருவியான பிடபிள்யூ டாப்பைத் திறந்து பிழைப் பத்தியில் எண் ஏறுகிறதா என்று பாருங்கள். ஏறினால் 128-க்குப் போங்கள், வெட்கமே வேண்டாம். 32, 16 என்று இறங்கிக்கொண்டே போய்ப் படம் பிடித்துக் காட்டுவது வெறும் வீம்பு என்பது என் கட்சி. பிராசஸர் கொதிக்கும், காதுக்கு வித்தியாசம் தெரியாது.

வாசித்துக்கொண்டிருக்கும்போதே ப்ராக் கோப்பகத்தில் உங்கள் கார்டுக்கு உரிய ஹெச்டபிள்யூ பாராம்ஸ் கோப்பைத் திறந்து பாருங்கள். டிரைவர் இந்த நொடியில் எந்தப் பீரியட், எந்தப் பஃபரில் ஓடுகிறது என்று பச்சையாக எழுதியிருக்கும். ஒவ்வொரு மில்லிசெகண்டும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று இப்படிக் குடைந்து பார்க்கும் போதையில், சில ராத்திரிகளில் கிட்டாரை எடுக்கவே மறந்துபோகிறது!