பச்சைக் கோடும் பாதசாரியும்

பெல்ஜியத்தில் பிறந்து மெக்ஸிகோவில் வாழும் கலைஞர் ஃபிரான்ஸிஸ் அலீஸ், 2004 ஜூனில் பைத்துல் முகத்தஸ் நகரில் இரு நாட்களில் 24 கிலோமீட்டர் நடந்தார். கையில் பச்சை வர்ண டப்பா. அதன் அடியில் ஒரு துளை. 1967 வரை நகரை இரண்டாகப் பிளந்து கிடந்த போர்நிறுத்த எல்லையின் வழியே 58 லிட்டர் வர்ணம் ஒழுகித் தரையில் கோடாயிற்று. அந்நடை ‘பச்சைக் கோடு’ எனும் காணொளியாக எஞ்சியுள்ளது. மண்ணையே ஏடாகக் கொள்ளும் இத்தகைய கலையை நம்மவர் வேடிக்கையென ஒதுக்குவதுண்டு. இதனை ஒதுக்க நமக்கு மனம் வரவில்லை.

காரணம், கோட்டின் பருமன். 1948 நவம்பர் 30 அன்று மோஷே தயான் பச்சையிலும், ஜோர்தானியத் தளபதி அப்துல்லாஹ் அத்தல் சிவப்பிலும் தத்தம் படைநிலைகளை வரைபடத்தில் குறித்தனர். மெழுகுப் பென்சில் கோட்டின் தடிப்பு 3 முதல் 4 மில்லிமீட்டர். வரைபடத்தின் அளவோ 20,000க்கு 1. தரைக்கு வரும்போது அக்கோடு 60 முதல் 80 மீட்டர் அகலம் பெறுகிறது! கோட்டின் அடியில் அகப்பட்ட வீடும் தெருவும் எவருக்குரியவை? அலீஸ் சிந்தியதோ மீட்டருக்கு இரண்டரை மில்லிலிட்டருக்கும் குறைவு. அதனடியில் ஒரு வீடும் புதையவில்லை. கட்டுரைகள் பல சொல்லத் திணறியதை இந்த ஒழுகல் சொல்லிவிடுகிறது.

1967க்குப் பின் இஸ்ரேல் தன் வரைபடங்களிலிருந்து நீக்கிய கோடு இது. 2004 ஜூலை 9 அன்று பிரிப்புச் சுவர் குறித்துக் கருத்துரைத்த சர்வதேச நீதிமன்றம், ஆக்கிரமிக்கப்பட்ட நிலம் எதுவெனக் கூற இதையே எல்லையாகக் கொண்டது. எனவே அழிக்கப்பட்டதை மீண்டும் வரைவதில் நியாயமுண்டு. ஆயினும் கத்தமூன், தல்பிய்யா முதலிய மேற்குப் பகுதிகளிலிருந்து 1948இல் வெளியேற நேர்ந்த அரபுக் குடும்பங்களுக்கு இழப்பு இக்கோட்டுக்கு அப்பாலேயே உள்ளது. அவர்தம் நினைவை இந்த நடை தொடவில்லை.

இன்னொன்று. அரபுக் கஸீதா ‘அத்லால்’ எனும் பாழ்மனைத் தடங்களின் முன் தொடங்குவது மரபு. கவிஞன் வாகனத்தை நிறுத்துவான், இடங்களைப் பெயர் சொல்லி அழைப்பான், அழுவான். அவன் அங்கு வாழ்ந்தவருக்கு உரியவன். அலீஸ் நிற்பதில்லை, அழைப்பதில்லை. வெளிநாட்டுக் கடவுச்சீட்டுடையவர் நடந்த அவ்வழியில், மேற்குக் கரைப் பலஸ்தீனர் ஒருவர் டப்பாவுடன் எத்தனை அடி சென்றிருக்கக் கூடும்?

இக்குறையை அவரும் உணர்ந்திருக்க வேண்டும். படத்தை நஸ்மி அல்ஜுஃபா, ரீமா ஹம்மாமி, அமிரா ஹாஸ், ஏயால் வைஸ்மன் உள்ளிட்ட பலஸ்தீன, இஸ்ரேலிய, பிற நாட்டு அறிஞர்களுக்குக் காட்டி, அவர்தம் உரைகளைப் படத்தின் மீதே பதித்தார். நின்று பெயர் சொல்லும் வேலையை அக்குரல்கள் செய்கின்றன. குரல்களை அடைத்துவிட்டுப் படத்தை மட்டும் காண்போர் பாதியையே கண்டவராவர்.