மா. கிருஷ்ணனின் நிழற்படங்களும் கூந்தன்குளத்துக் கூரைகளும்

சென்ற மாசி மாதத்தில், நிழற்படக் கலையில் ஈடுபாடு கொண்ட மூன்று இளைஞர்களுடன் இராதாபுரத்திலிருந்து கூந்தன்குளம் சென்றுவரும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வழிநெடுகப் பனைகளையும் மயில்களையும் படம் எடுத்தவாறே வந்தனர். பின்னணியில் காற்றாலை விழுந்துவிடாதபடி அவர்கள் பட்ட பாட்டைக் கண்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் காற்றாலை இல்லாத படம் வேண்டுமென்றால் தரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும்!

கூந்தன்குளத்தில் ஒரு வீட்டின் பின்புறத்து வேப்பமரத்தில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருந்தன. இளைஞருள் ஒருவர் நீண்ட லென்சைப் பொருத்தினார். கொடியில் உலர்ந்துகொண்டிருந்த சேலை ஒன்று காட்சியின் ஓரத்தில் அசைந்தது. "ஆச்சி, அந்தச் சேலையைக் கொஞ்சம் எடுத்துருங்களேன்" என்றார். "எடுக்கேன்யா. அப்போ எங்க வீடு படத்துல வராதா?" என்று கேட்டுக்கொண்டே அந்த மூதாட்டி சேலையை எடுத்து மடித்தார். இளைஞர் பதில் சொல்லவில்லை. எனக்கும் பதில் தெரியவில்லை.

அன்றிரவு, மா. கிருஷ்ணனின் படங்களும் எழுத்துகளும் அடங்கிய 'ஐ இன் த ஜங்கிள்' (2006) என்னும் தொகுப்பை மீண்டும் எடுத்துப் புரட்டினேன். கிருஷ்ணன் நம் மண்ணுக்குரியவர். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' தந்த அ. மாதவையாவின் மகன். சென்னையில் வளர்ந்து தாவரவியல் பயின்றவர். 1950 முதல் 1996-இல் மறையும்வரை, கல்கத்தாவின் 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் 'கண்ட்ரி நோட்புக்' என்னும் பத்தியை எழுதிவந்தார். 46 ஆண்டுகள் ஒரே பத்தியைத் தளர்வின்றி எழுதுவது எத்தகைய உழைப்பு என்பதை, மாதம் ஒரு கட்டுரைக்கே திணறும் என் போன்றோர் நன்கறிவோம்.

அவருடைய கேமரா ஓர் ஒட்டுச்செடி. ஒரு தயாரிப்பின் உடலும் வேறொரு தயாரிப்பின் லென்சும் சேர, மற்ற உறுப்புகளையும் இணைத்துத் தாமே உருவாக்கிக்கொண்டது. இயற்கையியலாளர் இ. பி. ஜீ அதைக் கண்டு வேடிக்கையாக எழுதியிருக்கிறார். நடந்தும் யானைமீது அமர்ந்தும் காடுகளில் அலைந்து, அந்தக் கருவியால் அவர் எடுத்தவை கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் பகட்டு இல்லை. பாயும் புலியின் பல்லைக் காட்டி நம்மை மிரட்டும் நோக்கம் இல்லை. யானை தன் புல்லோடும் மூங்கிலோடும் நிற்கிறது. காட்டெருமையின் திமிலில் விழும் ஒளி, அது நிற்கும் சரிவின் ஒளியாகவே இருக்கிறது. விலங்கைப் பார்ப்பது என்பது அதன் இடத்தையும் சேர்த்துப் பார்ப்பதே என்னும் கொள்கை படந்தோறும் வெளிப்படுகிறது.

ஆனால் அந்த இடத்தில் மனிதர் அரிதாகவே தென்படுகின்றனர். இதைக் குறையென்று சொல்ல முதலில் தயங்கினேன், காரணம் உண்டு. கிருஷ்ணனுக்கு முந்திய தலைமுறையின் 'வனவிலங்குப் படம்' எது? சுட்டுக் கொன்ற புலியின்மீது காலை வைத்து, துப்பாக்கியை ஊன்றி நிற்கும் துரையோ ஜமீன்தாரோ அல்லவா? அப்படத்தில் மனிதனே நாயகன், விலங்கு வெறும் பிணம். அந்த மனிதனைச் சட்டகத்தைவிட்டு வெளியேற்றி, உயிருள்ள விலங்கை நடுவில் நிறுத்தியது ஒரு நீதிச் செயலே ஆகும். கிருஷ்ணனின் படங்களில் மனிதன் இல்லாமை, அவர் காலத்திற்கு வேண்டியிருந்த இல்லாமை.

மேலும், படத்தில் விட்டதை அவர் எழுத்தில் விடவில்லை. 1961-இல் வெளிவந்த அவரது நூலின் பெயரே 'ஜங்கிள் அண்ட் பேக்யார்ட்', அதாவது காடும் கொல்லைப்புறமும். காக்கையும் பல்லியும் கழுதையும் ஆடும் அவர் பத்திகளில் யானைக்குரிய மரியாதையோடு உலவுகின்றன. அவை வரும்போது திண்ணையும் வண்டிமாடும் தெருவும் உடன் வருகின்றன. சு. தியடோர் பாஸ்கரன் தொகுத்த 'மழைக்காலமும் குயிலோசையும்' நூலில் அவருடைய தமிழ்க் கட்டுரைகளைப் படிப்போர் இதனை உணரலாம். படமும் பத்தியும் சேர்ந்ததே கிருஷ்ணன்.

இன்றைய படக்கலைஞர்கள் அவரிடமிருந்து படத்தை மட்டும் எடுத்துக்கொண்டு பத்தியை விட்டுவிட்டனர் என்பதே என் குற்றச்சாட்டு. துரைக்கு எதிராகப் பிறந்த அந்த இலக்கணம், துரை போய்விட்ட பின்னும் வெறும் பழக்கமாக நீடிக்கிறது. இப்போது சட்டகத்திலிருந்து வெளியேற்றப்படுவது சேலையை மடிக்கும் ஆச்சி. காட்டு யானையை ஆளின்றிக் காட்டினால் அது பெரும்பாலும் உண்மையே. கூந்தன்குளத்து நாரையை ஆளின்றிக் காட்டினால் அது பொய்.

ஏன் பொய் என்கிறேன்? கூந்தன்குளமும் அதனையடுத்த காடன்குளமும் காடல்ல; பாசனக் குளங்கள். மணிமுத்தாற்றுக் கால்வாய் நீர் வந்தால்தான் பறவைக்கும் வாழ்வு, வயலுக்கும் வாழ்வு. 1994-இல் சரணாலயம் என்று அறிவிக்கப்பட்டது; 2021-இல் ராம்சர் ஈரநிலப் பட்டியலிலும் இடம்பெற்றது. அறிவிப்புக்கு வெகுகாலம் முன்பே பறவைகளை ஏற்றுக்கொண்டது ஊர்தான். கூழைக்கடாவும் அரிவாள் மூக்கனும் கரண்டிவாயனும் வந்திறங்க, இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகளும் வருகின்றன. நாரைகளோ வீட்டு மரங்களிலேயே குடியேறுகின்றன. எச்சமும் இரைச்சலும் மீன் நாற்றமும் முற்றத்தில் விழுகின்றன. தீபாவளிக்கு இவ்வூரார் வெடி வெடிப்பதில்லை. கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து வளர்க்கின்றனர். எச்சம் படிந்த குளத்து வண்டல் வயலுக்கு உரமாகிறது. இந்தக் கொடுக்கல் வாங்கலில் ஒரு தரப்பை அறுத்துவிட்டு எடுக்கும் படத்தைத் தொலைவிலிருந்து பார்ப்பவர் என்ன எண்ணுவார்? இது ஆளற்ற இடம், இங்கே ஊர் ஓர் இடைஞ்சல் என்றே எண்ணுவார். அந்த எண்ணம் ஒரு நாள் ஆணையாக எழுதப்பட்டால் பாதிக்கப்படுவது யார்?

குருமடத்தில் எங்களுக்கு விவிலியம் கற்பித்த பேராசிரியர், வசனத்தை அதன் சூழலிலிருந்து பிய்த்து எடுத்து மேற்கோள் காட்டினால் விடைத்தாளில் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். நம் அகப்பொருள் இலக்கணமும் அத்தகையதே. நம்பியகப்பொருள் கருப்பொருள்களை 14 என்று வகுக்கும்போது புள், விலங்கு, ஊர், நீர், மரம், தொழில் அனைத்தையும் ஒரே வரிசையில் வைக்கிறது. நாரையைச் சொல்லி ஊரை விலக்கும் வழக்கம் நம் மரபில் இல்லை.

அயர்லாந்தின் இயேசு சபைக் குரு பிரான்சிஸ் பிரவுன் (1880–1960) இங்கே நினைவுக்கு வருகிறார். 1912 ஏப்ரலில் டைட்டானிக் கப்பலில் குயின்ஸ்டவுன் வரை பயணம் செய்து, அங்கே இறங்கிக்கொண்டதால் உயிர் தப்பியவர். கப்பலில் அவர் எடுத்த படங்களை உலகறியும். பிறகு பல்லாண்டுகள் அயர்லாந்தின் ஊர்களைப் படமெடுத்தார். அவர் மறைந்து 25 ஆண்டுகள் கழித்து ஓர் இரும்புப் பெட்டியிலிருந்து கிடைத்த நெகட்டிவ்கள் ஏறத்தாழ 42,000. அவருக்கு ஊரும் மக்களுமே பொருள். கிருஷ்ணனின் பொறுமையும் பிரவுனின் கண்ணும் ஒருவரிடத்தில் கூடினால் கூந்தன்குளத்திற்கேற்ற படம் பிறக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்த இளைஞர் பின்னர்த் தம் படங்களை எனக்குக் காட்டினார். சேலையை எடுக்குமுன் சோதனையாகத் தட்டிய ஒரு படமும் அவற்றுள் இருந்தது. கூட்டில் நாரை, கீழே சேலை, அதற்கும் கீழே ஓட்டுக்கூரையின் விளிம்பு. "இது சரியா வரல, ஃபாதர்" என்றார். அதையே பெரிதாக அச்சிட்டுத் தரும்படி கேட்டு வாங்கி, மறுமுறை அப்பக்கம் போனபோது ஆச்சியிடம் கொடுத்தேன். முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, வெயிலில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"சாமி, அந்த மூலையில ஓடு ஒண்ணு வெலகியிருக்கு பாருங்க. மழைக்கு முந்தி மாத்தணும்" என்றார்.