வாச்சாத்தி வழக்கு: செய்தியில் விடுபட்ட விசாரணை

தருமபுரி மாவட்டம் அரூருக்கு அருகே, சித்தேரி மலையடிவாரத்தில் அமைந்த பழங்குடிச் சிற்றூர் வாச்சாத்தி. 1992 சூன் 20 அன்று வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் சந்தனக்கட்டை தேடுவதாகக் கூறி அவ்வூருக்குள் புகுந்தனர். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாயினர், வீடுகள் சூறையாடப்பட்டன. அரசுத் தரப்பு இதை மறுத்தது. 1995இல் சென்னை உயர்நீதிமன்றம் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. குற்றம் சாட்டப்பட்ட 269 அரசு ஊழியர்களில் 54 பேர் அதற்குள் இறந்திருந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகள் எனப்பட்டனர். இந்த எண்கள் நாடெங்கும் செய்தியாயின. ஆனால் அவை எந்தச் சாட்சியத்தின் மேல் நிற்கின்றன, குறுக்கு விசாரணையை அப்பெண்கள் எவ்வாறு எதிர்கொண்டனர் என்பன பொது வாசகருக்குப் போதிய அளவில் வந்து சேரவில்லை. இடைப்பட்ட 19 ஆண்டுகளே வழக்கின் உயிர்ப்பகுதி. இதழியல் கோட்டைவிட்டதும் அதைத்தான்.

இதற்குச் சட்டத்தை மட்டும் காரணம் காட்ட இயலாது. அன்று நடைமுறையில் இருந்த குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 327ஆம் பிரிவு, வல்லுறவு வழக்குகளை மூடிய அறையில் விசாரிக்கச் சொன்னதோடு, நீதிமன்ற அனுமதியின்றி அந்நடவடிக்கைகளை அச்சிடுவதையும் தடுத்தது. அனுமதி கேட்கும் வழி அதிலேயே இருந்தது. பெயரும் முகவரியும் காக்கப்படுமாயின் தடையைத் தளர்த்தலாம் என்று 2008ஆம் ஆண்டுத் திருத்தம் மேலும் தெளிவாக்கியது. பெண்களின் அடையாளத்தை மறைப்பது வேறு, அதிகாரிகள் செய்ததை மறைப்பது வேறு.

2023 செப்டம்பர் 29 அன்று உயர்நீதிமன்றம் தண்டனைகளை உறுதி செய்தது. அதற்கு முன் நீதிபதி பி. வேல்முருகன் வாச்சாத்திக்கே நேரில் சென்று பார்த்தார். உண்மையான கடத்தல்காரர்களைக் காப்பாற்ற ஊர்மக்கள் பலியாக்கப்பட்டனர் என்று கண்டதுடன், அன்றைய மாவட்ட ஆட்சியர், காவல் கண்காணிப்பாளர், மாவட்ட வன அலுவலர் ஆகியோர் மீது நடவடிக்கை எடுக்குமாறும் அரசுக்கு ஆணையிட்டார். அத்தீர்ப்புக்கு 31 ஆண்டுகளுக்கு முன் 'கடத்தல் ஊர்' என்ற அதிகாரிகளின் சொல்லைச் சரிபார்க்காமல் ஏற்ற செய்திகள் திருத்தப்பட வேண்டியவை.

ஆவணங்களைத் தேடுவோர்க்கும் வழி எளிதன்று. 2011 சூனில், தருமபுரித் தீர்ப்புக்கு மூன்று மாதம் முன்பு, சி.பி.ஐ. தகவல் அறியும் உரிமைச் சட்டத்திலிருந்து விலக்குப் பெற்றது. மனித உரிமை மீறல் பற்றிய தகவலுக்கு அவ்விலக்கு பொருந்தாது என்று அச்சட்டத்தின் 24ஆம் பிரிவே கூறுகிறது. ஆயினும் மத்தியத் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் தேவை. நீதிமன்றப் பதிவேடுகளின் நகலை இச்சட்டத்தின்கீழ் அன்றி, நீதிமன்ற விதிகளின்படியே பெற வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2020இல் கூறியது. வழக்கில் தொடர்பில்லாத ஆய்வு மாணவர் சாட்சிய நகலுக்கு அவ்விதிகளின்படி காரணம் காட்டி மனுச் செய்து, நீதிமன்றத்தின் உத்தரவுக்குக் காத்திருக்க வேண்டும்.